கூறினாளா, பாடினாளா

போன வாரம் நஸ்ரின் போன் செய்தாள். கோர்ட்டின் மொழிபெயர்ப்புப் பிரிவில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்.

"அக்கா, ஒரு சந்தேகம். ஒரு கேஸ் கட்டுல சாட்சி சொன்னதுக்கு நடுவுல பாட்டு மாதிரி வருது. கம்ப்யூட்டர்ல போட்டா ஒரே பத்தியா இங்கிலீஷ்ல குடுத்துடுது. அப்படியே விட்டுரலாமா?"

"மூலத்துல எப்படி இருக்கு?"

"அதுலயும் ஒரே பத்திதான். ஆனா படிக்கிறப்ப பாட்டு மாதிரி இருக்குக்கா."

"வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தியா?"

"ஆபீஸ்ல எப்படிக்கா வாய்விட்டுப் படிக்கிறது? எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "பார்த்தா பார்க்கட்டும், உனக்கென்ன!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மூக்கு நுனியில் கோபம் என்று என்னை ஆபீஸில் சொல்வார்கள், பொய்யில்லை. பிறகு பாவமாக இருந்தது. வாய்விட்டுப் படித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அதனால் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போகிறது என்றால், அங்கே தமிழ் தெரியாத நீதிபதிகளும் இருப்பார்கள். கீழே நடந்த விசாரணையில் சாட்சிகள் தமிழில் சொன்னது, பத்திரம், கடிதம், சுவரொட்டி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுக்க வேண்டும். நான் வையம்பட்டிப் பக்கம் பிறந்தவள். திருச்சிக்கு வந்து தமிழும் ஆங்கிலமும் படித்து, தட்டச்சு பாஸ் செய்து, பரீட்சை எழுதி உள்ளே நுழைந்தேன். எதுகை, மோனை, உவமை, உருவகம் எல்லாம் கல்லூரியில் உருப்போட்டதுதான். மதிப்பெண் வாங்கியதோடு அவற்றுக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிரிவின் தலைமை ரங்கநாயகி மேடம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கும் குடும்பம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் துணிப்பை, பையில் தயிர்சாதம். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். 'தப்பு' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. தப்பான சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு, காகிதத்தை நம் பக்கம் தள்ளிவிடுவார். என்ன தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் மத்தியானம் வரைக்கும் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆரம்பத்தில் ஒரு கடிதம் வந்தது. குடியிருப்பவர் ஒருவர், 'வீட்டுக்காரர் தினமும் என் கழுத்தில் கத்தி வைக்கிறார்' என்று எழுதியிருந்தார். காலி செய்யச் சொல்லி நெருக்குகிறார் என்று பொருள், சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் புத்திசாலித்தனமாக 'நெருக்குகிறார்' என்றே ஆங்கிலத்தில் எழுதினேன். வட்டம் விழுந்தது.

"கத்தி எங்கே போச்சு?" என்றார் மேடம்.

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது மேடம். நிஜக் கத்தி இல்ல."

"அது உனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல நின்னு பார்த்தியா? கத்தி இருந்தா கத்தியை எழுது. அது நிஜமா உருவகமான்னு ஜட்ஜ் பார்த்துப்பார். இருக்கறதை எழுதணும், வளர்மதி. இருக்கறதா நமக்குத் தோணறதை எழுதப்டாது."

அன்றிலிருந்து கத்தியைக் கத்தி என்றே எழுதினேன்.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் ஒப்புப் படித்தல் என்று ஒன்று உண்டு. நஸ்ரின், இதைக் கவனமாகக் கேள். மேடம் தமிழ் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். நான் ஆங்கிலத்தின் மேல் விரல் வைத்து வரி வரியாகத் தொடர்ந்து வருவேன். ஒரு சொல் விட்டுப்போனாலும் அதில் மாட்டிக்கொள்ளும். கமாவைக்கூட 'கமா' என்று உரக்கச் சொல்லித்தான் படிப்பார். ஏற்ற இறக்கம் கிடையாது. காதல் கடிதமானாலும் வெட்டுக்குத்தானாலும் அதே தட்டையான குரல். சண்டைக் கேஸ்களில் வரும் கெட்ட வார்த்தைகளையும் ஒன்று விடாமல் அதே குரலில், கமா போட்டுப் படிப்பார். நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு அந்த அம்மாள் அதைப் படிக்கிறபோது, வராந்தாவில் போகிற வக்கீல்கள் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றுவிடுவார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேடம் முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது.

இனி, அந்த வழக்கு. அந்தப் பெண்ணின் பெயரை மாற்றிப் பூவாயி என்று வைத்துக்கொள்கிறேன். ஊர் மணப்பாறைக்கும் அந்தப் பக்கம், மழை பார்த்து வெள்ளாமை செய்கிற வறண்ட காடு. ஊர் பெயர் வேண்டாம்.

புருஷன் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தான். இவள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். மருந்துக் கையோடு வாங்கிக் குடித்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் வயலிலேயே விழுந்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது. உடம்பில் விஷம் இருந்தது. காட்டுப் பங்கில் முன்பே தகராறு இருந்ததால் புருஷனின் அண்ணன், 'கஞ்சியில் கலந்து கொடுத்துவிட்டாள்' என்று புகார் கொடுத்தான். ஆயுள் தண்டனை ஆகிவிட்டது. பூவாயி பெண்கள் சிறையில், பிள்ளைகள் இரண்டும் அவளுடைய அம்மாவிடம். அப்பீல் போட்டிருந்தார்கள். அதில் தோற்றால் அவள் வாழ்க்கை சிறையிலேயே முடிந்துவிடும். அந்தக் கட்டுத்தான் எங்கள் மேசைக்கு வந்தது.

தண்டனைக்கு முக்கியமான ஆதாரம், பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன சாட்சியம். பிணத்தைக் கொண்டுவந்து போட்டபோது பூவாயி என்ன சொன்னாள் என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். பதிவு இப்படி இருந்தது:

'அப்போது எதிரி, கஞ்சி கரைச்சேனே கையாலே குடுத்தேனே நஞ்சு கலந்தேனே நானேதான் கொன்னேனே பட்டு விரிச்சேனே பாடையிலே போட்டேனே கட்டுன தாலியக் காவேரியில் விட்டேனே என்று கூறினாள்.'

கூறினாள்! தீர்ப்பில் இதன் முன்பாதியை மட்டும் எடுத்து, அவளே வாயால் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பெண்கள் தோளில் தோள் சேர்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவருக்கு யார் ரொம்ப நெருக்கமோ அவள்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பாடுவாள். என் அப்பா காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தார். என் அம்மா, அவரைத் தானே கிணற்றில் தள்ளிவிட்டதாகப் பாடி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கேட்டவர்கள் கூடச் சேர்ந்து அழுதார்கள். எந்தக் கிணறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது யாருக்குத்தான் தெரியாது? அந்த விசாரணையில் இருந்த வக்கீல்களுக்கும் தெரிந்திருக்கும். ஒப்பாரி கேட்காமல் இந்தச் சீமையில் யாராவது வளர்ந்திருக்க முடியுமா? பூவாயியின் வக்கீல் அது அழுகைப் பாட்டு என்று வாதாடியும் பார்த்திருக்கிறார். ஆனால் சாட்சியிடம் அதைக் கேட்டுப் பதிவில் ஏற்றத் தவறிவிட்டார். காகிதத்தில் 'கூறினாள்' என்று ஏறிவிட்டது, ஏறியது ஏறியதுதான்.

நான் ஆங்கிலத்தில், 'ஒப்பாரியாகப் பாடினாள்' என்று எழுதினேன். வட்டம் விழுந்தது.

"மேடம், இது ஒப்பாரி மேடம்!"

"மூலத்துல அந்த வார்த்தை எங்கே இருக்கு?"

"வார்த்தை இல்ல. ஆனா எங்க ஊர்ல எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லும்."

"உனக்குத் தெரியறது. எனக்கும் தெரியறது. காகிதத்துக்குத் தெரியலையே."

"ஒரு பொண்ணு ஜெயில்லயே கிடந்து சாகப் போறா. நீங்க வார்த்தைய எண்ணிக்கிட்டு இருக்கீங்க!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மேடம் குரலை உயர்த்தவில்லை. "அதனாலதான் எண்றேன். நீ ஒரு வார்த்தை கூடப் போட்டேன்னு எதிர்த்தரப்பு பிடிச்சுண்டா, நாம எழுதின மத்ததையும் நம்ப மாட்டா. அப்புறம் அவளுக்கு யார் இருக்கா?" என்றார்.

எழுந்து வெளியே போய் டீக்கடையில் நின்றேன். அந்த அம்மாவுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் கல்தான் இருக்கிறது என்று சபித்துக்கொண்டேன். திரும்பி வந்து, 'பாடினாள்' என்பதை அடித்து, 'கூறினாள்' என்பதற்கு உரிய ஆங்கிலச் சொல்லைப் போட்டேன்.

சாயங்காலம் ஒப்புப் படிக்க உட்கார்ந்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விரலை ஓட்டினேன். மேடம் வழக்கம்போல் தட்டையாகப் படித்துக்கொண்டு வந்தார். "அப்போது எதிரி, கமா, கஞ்சி கரைச்சேனே கையாலே குடுத்தேனே..."

'நஞ்சு' என்ற இடத்துக்கு வந்ததும் குரல் தட்டையாக நிற்கவில்லை. தானாக எழும்பியது. மேடம் நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து படித்தார். வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, கடைச் சாமான் சிட்டை படிப்பதுபோல் படித்துப் பார்த்தார். முடியவில்லை, அதே இடத்தில் நாக்கு சந்தத்தில் விழுந்தது. சின்ன வயசிலிருந்து பாசுரம் சேவித்த நாக்கு அது. நான் விரலை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வளர்மதி, இங்கே வா" என்றார். ஒரு கழிவுக் காகிதத்தை எடுத்துப் பென்சிலால் வரி பிரித்து எழுதினார்.

கஞ்சி கரைச்சேனே கையாலே குடுத்தேனே
நஞ்சு கலந்தேனே நானேதான் கொன்னேனே
பட்டு விரிச்சேனே பாடையிலே போட்டேனே
கட்டுன தாலியக் காவேரியில் விட்டேனே

"கஞ்சி, நஞ்சு. பட்டு, கட்டு. ரெண்டாம் எழுத்து ஒண்ணா வரது. என்னது இது?"

"எதுகை" என்றேன்.

"கஞ்சிக்குக் கையாலே, நஞ்சுக்கு நானேதான்?"

"மோனை மேடம். பட்டுக்குப் பாடை. கட்டுனதுக்குக் காவேரி. நாலு வரியிலயும் ஒண்ணாஞ் சொல்லும் மூணாஞ் சொல்லும்."

"எல்லா வரியும் ஏனே, ஏனேன்னு முடியறதே?"

"இயைபு."

"ஒரு வரிக்கு நாலு சொல். நாலு வரியிலயும் நாலே சொல். பேசறவா யாராவது இப்படிப் பேசுவாளா?"

நான் அழுதுவிட்டேன். பரீட்சைக்கு உருப்போட்டுத் தூக்கிப் போட்ட மூன்று சொற்கள். அவை ஒரு பெண்ணைச் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் என்று எந்த வகுப்பில் யார் சொன்னார்கள்?

மேடம் அதோடு விடவில்லை. "அந்த ஊர்லேர்ந்து காவேரி எத்தனை தூரம்?" என்று கேட்டார்.

"நடந்து போற தூரமே இல்ல மேடம். பஸ் ஏறி இந்தப் பக்கம் வந்தாத்தான் காவேரி."

"அவ பிணத்தண்டையே உட்கார்ந்துண்டு இருந்திருக்கா. அரெஸ்ட் பண்ணின அன்னிக்கு அவ தாலியைப் போலீஸ் கழுத்துலேர்ந்து எடுத்ததா இதே கட்டுல இருக்கு. நேத்திக்குத்தான் நீ அதை மொழிபெயர்த்தே. காவேரியில விட்ட தாலி கழுத்துல எப்படி இருக்கும்? காவேரி பாட்டுன்னா நஞ்சும் பாட்டுதானே?"

"இதை எழுதலாமா மேடம்?" துள்ளி எழுந்துவிட்டேன்.

"எழுதப்டாது. அது வக்கீல் காரியம், கட்டைப் படிச்சா அவருக்கே தெரியும். ஒப்பாரின்னும் எழுதப்டாது, அது அபிப்பிராயம். எதுகை அபிப்பிராயம் இல்லை. கண்ணுக்குத் தெரியறது, எண்ணிப் பார்க்கலாம். இருக்கறதை எழுது."

'கூறினாள்' அப்படியே நின்றது. பத்தியும் பத்தியாகவே நின்றது. அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தோம். மூலத்தில் இந்தச் சொற்கள் நான்கு நான்காக நிற்கின்றன, இன்ன இடத்தில் இன்ன எழுத்து ஒன்றி வருகிறது, எல்லாம் ஒரே ஒலியில் முடிகின்றன, தமிழ்ச் செய்யுளில் இவற்றுக்கு இன்ன பெயர். அவ்வளவுதான். அதன் கீழே அந்த நாலு வரியையும் தமிழ் ஒலி மாறாமல் ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னார்.

"தமிழ் தெரியாத ஜட்ஜும் வாய்விட்டுப் படிச்சா காதுல விழணும்" என்றார்.

குறிப்பை எத்தனை தடவை எழுதிக் கிழித்தோம் என்று நினைவில்லை. கடைசியில் என் கையெழுத்துக்கு மேலே தன் கையெழுத்தைப் போட்டார். "கேள்வி வந்தா என்கிட்ட வரட்டும்" என்று பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குப் போனார். கல் என்று மத்தியானம் சபித்த என் வாயை நான் என்ன செய்வது!

அப்பீல் விசாரணையில் நடந்ததைப் பூவாயி தரப்பு வக்கீல் வந்து சொன்னார். இரண்டு நீதிபதிகளில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. அவர் குறிப்பைப் படித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் இருந்த நாலு வரியை மெதுவாக, தப்பும் தவறுமாக வாய்விட்டுப் படித்திருக்கிறார். இரண்டாவது வரியில் அவர் குரலும் அசைந்ததாம். தமிழ் தெரிந்த இன்னொரு நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்து, "இது கூறினதா, பாடினதா?" என்று கேட்டார். அரசு வக்கீல் நல்ல மனிதர். காகிதத்தைப் பார்த்தார், பிறகு, "பாடினதாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தாலி, பூச்சிமருந்துக் கை எல்லாவற்றையும் அவள் வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பூவாயி விடுதலையானாள்.

நான் ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "சரி, அடுத்த கட்டை எடு" என்றார்.

பிறகு ஒருநாள் பூவாயி ஆபீஸுக்கே வந்துவிட்டாள். ஒடிசலான பெண், வயதுக்கு மேல் நரை. மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றாள்.

"நாங்க ஒண்ணும் பண்ணலைம்மா. இருந்ததைத்தான் எழுதினோம். இதைக் குழந்தைகளுக்குக் கொடு" என்றார் மேடம்.

"அதுகளுக்கும் வாங்கியிருக்கேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மேடம் பொட்டலத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் அதைத் தின்றாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வருஷம் மேடம் போய்விட்டார். எனக்குத் தெரிந்ததும் பூவாயிக்குச் சொன்னேன். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். சித்திரை வீதியில் அந்த வீட்டுக்குள் பெண்கள் மெல்லிய குரலில் பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் வாசலில் எதிர்ச்சுவரை ஒட்டி நின்றோம். பூவாயியின் உதடு துடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை. எடுத்துக்கொண்டு போகும்போதும் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அழுதுடு பூவாயி. வாய்விட்டு ரெண்டு வரி சொல்லி அழுதுடு. இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றேன்.

"வேணாங்கம்மா" என்றாள். "எங்க ஆத்தா செத்தப்பவும் நான் வாயத் தொறக்கலீங்க. ஊரே ஏசுச்சு, பெத்தவளுக்கு ஒரு வரி வருதா பாருன்னு. நெஞ்சு பூரா வரிதாங்க இருக்கு. யாராச்சும் எழுதிக்கிட்டாங்கன்னா?"

எதுகை, மோனை எண்ணிக் காட்டி அவளைச் சிறையிலிருந்து மீட்டோம் என்று அத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேனே! அவள் அழுகை உள்ளேயே கிடந்திருக்கிறது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரே பஸ்ஸில் ஏறினோம். காவேரிப் பாலத்தின் மேல் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. சுற்றிலும் ஹாரன் சத்தம், காது கொள்ளவில்லை. பூவாயி ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தோளைப் பிடித்து, என் காதோடு வாயை வைத்துப் பாட ஆரம்பித்தாள். மேடத்துக்கு நாலு வரி. ஹாரன் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது. நானும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், எங்கள் ஊரில் பிடிக்கிற மாதிரி.

வண்டி நகர்ந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிடாதீங்கம்மா" என்றாள்.

நஸ்ரின், அந்தச் சாட்சியத்தை நாளைக்கே வாய்விட்டுப் படி. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதில் என்ன இருக்கிறதோ அதை எழுது. பூவாயி பாடிய நாலு வரியும் எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை.